அனுப்பாத கல்

பட்ஜெட் அன்று ஜகதேவியில் கரண்ட் போகவில்லை.
அதுவே ஒரு சலுகைதான் என்றார் முனிரத்தினம்.
பாலிஷ் மிஷினை நிறுத்திவிட்டு
தேவேந்திராவும் வந்து நின்றான்,
முழங்கை வரை கல்சேறு காய்ந்து சாம்பல் பூத்து.
என் போனை டீ டம்ளரில் சாய்த்து வைத்தோம்,
டம்ளரை லொரெய்ன் மேல்.

லொரெய்ன் ஒரு கல்.
சரியாகச் சொன்னால், கல்லில் உள்ள பெயர்.
மூன்றடி உயரம், இரண்டடி அகலம், நாலு அங்குலக் கனம்.
மேல்விளிம்பில் ஒரு ரோஜாக்கொடி,
அதற்கு மட்டும் இரண்டு நாள் கூலி.
ஒஹையோவில் ஒரு புல்வெளியில் நிற்கவேண்டியவள்
ஆகஸ்டிலிருந்து எங்கள் ஷெட்டில் படுத்திருக்கிறாள்,
மரப்பெட்டிக்குக் கொடுத்த அட்வான்ஸும் திரும்பாமல்.

நானூற்று இருபது டாலர் கல்லுக்கு
இருநூற்றுப் பத்து டாலர் வரி.
முதலில் ஏஜென்ட், 'பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றான்.
எங்களுக்கு நிற்பதே அந்தப் பாதியில் பாதிதான்.
அப்புறம் அவன் மெயில் எழுதுவதை நிறுத்திவிட்டான்.
லொரெய்னின் மகள் ஒருமுறை நேராக எழுதினாள்:
அம்மாவுக்கு இப்போதைக்கு
ஒரு மரக்குச்சி நட்டிருக்கிறோம்.
அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவது?
'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று எழுதினேன்.

பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.
கீழே தமிழில் எழுத்துகள் ஊர்ந்தன.
'கல் வந்துச்சா அக்கா?' என்றான் தேவேந்திரா.
அவனுக்குப் படிக்கத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்,
எங்கள் போர்டில் இருப்பது.

வந்தது.
வளர்ச்சியில் ஒரு மைல்கல், என்றது.
கொஞ்ச நேரத்தில்
ஏதோ ஒரு பூங்காவுக்கு அடிக்கல்.
எந்தக் குவாரியில் எடுத்ததோ அதெல்லாம்.
எடை இல்லை, லாரி வாடகை இல்லை,
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்று ரசீது வாங்குவதில்லை.

பிறகு சிறுதொழில் வந்தது.
முனிரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
ஈடில்லாக் கடனின் வரம்பு கூடுகிறது,
கடனுக்கு உத்தரவாதம் கூடுகிறது.
அவர் சிரித்த சிரிப்பில் சத்தம் இல்லை.
'நம்ம கிட்ட கடன் இல்லேன்னு
யாரு சொன்னாங்க இவங்களுக்கு, சம்ஷாத்?
வாங்கறதுக்கு ஆளு வேணும்னுல்ல கேட்டோம்.'

நான் குறை சொல்லவில்லை.
பேசியவர்களுக்குக் கணக்கு பெரியது,
பூஜ்ஜியங்கள் பத்துப் பதினைந்து.
எனக்குப் பதினோரு பேர், ஒன்பது மாதம்,
மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் மின்கட்டணம்,
வியாழக்கிழமை தோறும்
'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று கூப்பிடும் பேங்க் மேனேஜர்.
இரண்டு கணக்கும் ஒரே கூட்டல்தான்.
எந்த வரிசையில் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

போனில் மேசைகளைத் தட்டும் ஒலி கேட்டது.
தேவேந்திரா தலை திருப்பினான்.
எவனோ தெரியாதவன் உளி அடிக்கிறான் என்று
நினைத்தானாம்.

சாயந்தரம் முனிரத்தினம் டேப்பை எடுத்தார்.
காவேரிப்பட்டணத்தில் ஒரு வீடு,
சமையல் மேடைக்குக் கறுப்புதான் வேண்டுமாம்.
எழுத்தின் ஆழம் ஆறு மில்லிமீட்டர்,
ஏழு சீவினால் பெயர் போய்விடும்.
மீதியில் நாலு பலகை, இருபத்துநாலு சதுர அடி.
அடி நூற்றறுபது.
பிளேடு தேய்மானம் கழித்து நான் எழுதிய தொகையை
இரண்டு முறை பார்த்துவிட்டு,
'சரி, பூஜ்ஜியம் இல்லையே' என்றார்.

தேவேந்திரா டம்ளரை எடுத்தான்.
கல்லின் மேல் ஒரு ஈர வளையம்,
அவள் பிறந்த வருஷத்தைச் சுற்றி.
லுங்கி நுனியால் துடைத்தான்,
எப்படியும் சீவப்போகிற கல்லை
நாலு மூலையும் பார்த்து.
'மேடம், பூ மட்டும் விட்டுடவா?
சமையல்கட்டுல பூ இருக்கலாமே.'

முனிரத்தினம் என்னைப் பார்த்தார்.
பூவுக்குத் தனி விலை போடலாமா
என்பது போல.
நான் பேனா மூடியைத் தேடினேன்.
அதற்குள் கரண்ட் போய்விட்டது.