காலியாக இருந்தாலும்

விவாகரத்துப் பத்திரத்தின் நான்காம் பக்கப்படி
கார் எனக்கு, கேரவன் எனக்கு,
படகு ஹென்னிங்குக்கு.
ஒன்றை மற்றொன்றில் மாட்டி இழுக்கும் உரிமம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
பதினான்கு கோடைகள் பக்கத்து இருக்கையில்
வரைபடமும் மடியில் திராட்சையுமாய் வந்தவளுக்கு
அது தோன்றவும் இல்லை.

அவன் ஓட்டப் பழகிய நாளில்
சட்டத்துக்குத் தாராள மனசு.
இளஞ்சிவப்புத் தாள் ஒன்று,
மடிப்பில் கிழிந்தது,
அதிலேயே இழுவையும் அடக்கம்.
நான் தேறியது இரண்டாயிரத்தில்.
அதற்குள் கை இறுகிவிட்டது.

லேர் நகர அலுவலகத்தில்
கண்ணாடிக்குப் பின்னிருந்தவள் கூட்டிப் பார்த்தாள்.
கார் இரண்டாயிரத்து நூறு கிலோ,
கேரவன் ஆயிரத்து அறுநூறு.
மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டி
இருநூறு கிலோ நிற்கிறது, ஃப்ராவ் ஹார்ம்சென்.

உள்ளே இருப்பதை எல்லாம் இறக்கிவிடுகிறேன் என்றேன்.
காலியாக இருந்தாலும் அதே கணக்குதான் என்றாள்.
எவ்வளவு ஏற்றலாம் என்று பதிவில் இருக்கிறதோ
அதுதான் எடை.

புரிந்தது.
பதினான்கு வருடம் அந்த வீட்டிலும்
என்னை இப்படித்தான் நிறுத்தார்கள்.

ஏழு மணி நேர வகுப்புக்கு நானூற்று இருபது யூரோ.
அட்டை மாற்ற அலுவலகக் கட்டணம் தனி.
புகைப்படம் நடைவழி எந்திரத்தில்:
சிரிக்கக் கூடாது என்று திரை சொன்னது.
அதற்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை.
மணிக்கு நூறில் போக ஒட்டுவில்லை வேண்டுமாம்,
அதற்கு டயர் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டுமாம்.
என் டயர்களுக்கு ஒன்பது.
சரி, எண்பதில் போகிறேன்.

த்யார்க்குக்கு இருபத்தாறு வயது, ஒரு காதில் வளையம்.
மூடிப்போன மரச்சாமான் கடையின்
வண்டி நிறுத்துமிடத்தில்
மஞ்சள் கூம்புகளை நட்டுவைத்தான்.
பின்னால் போங்கள் என்றான்.
வலப்பக்கம் வேண்டும் என்று வலப்பக்கம் திருப்பினேன்;
கேரவன் இடப்பக்கம் முறைத்துக்கொண்டு
கத்தரிக்கோலாய் மடங்கியது.
கூம்பு ஒன்று. கூம்பு இரண்டு.
மூன்றாவதை எங்கே என்று தேடினோம்,
அடியில் கிடந்தது.

ஸ்டியரிங்கின் உச்சியை விட்டு
அடியைப் பிடியுங்கள் என்றான்.
கை போகிற பக்கம் அதுவும் போகும்.

போனது.
இவ்வளவுதானா என்று
அவனிடம் கேட்கவில்லை.
வேறொருவனிடம் கேட்டேன், மனசுக்குள், உரக்க.

மாலையில் ஒரு மணி நேரம் சாலை.
எம்ஸ் ஆற்றுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ள
என் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு அசைந்தது.
பிறகு அவன் தாளில் கையெழுத்திட்டான்.
தேர்வு எப்போது?
கிடையாது. வந்து உட்கார்ந்து ஓட்டினால் போதும்.
ஏமாற்றமாகத்தான் இருந்தது.
இந்த வருடம் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துத்
தேறிவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, குளியலறை எடைக்கருவியை முற்றத்தில் வைத்து
அதன்மேல் வெட்டிய துடைப்பக்கம்பு,
கம்பின்மேல் கேரவனின் மூக்கு.
எழுபத்தைந்து வரை தாங்கும் கொக்கி.
முள் எண்பத்தாறில் நடுங்கியது.
முன்பெட்டியைத் திறந்தேன்:
கூடாரத்துக்கான அவனுடைய இரும்பு முளைகள்,
சுத்தியல், துருப்பிடித்த சங்கிலி.
திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம்.
நான்காம் பக்கம் நினைவுக்கு வந்தது.
எல்லாவற்றையும் தூக்கி
அச்சுக்கு நேர் மேலே, தரையில் பரப்பினேன்.
முள் எழுபத்திரண்டு.

சனிக்கிழமை கடலணைச் சாலையில்
எண்பதில் போகிறேன்.
கண்ணாடியில் ஏழு கார், ஒரு பால் லாரி.
ஒருவன் ஹாரன் அடிக்கிறான்,
முந்த இடமிருந்தும் முந்தாமல்.
திராட்சை பக்கத்து இருக்கையில் இருக்கிறது.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்,
எட்டவில்லை.
அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்.