நாலும் ஐந்தும்

ஹீட்டரை அணைத்தாயிற்று.
அதுவும் ஒரு ஸ்பீக்கர்தான்.

ஒவ்வொன்றாய்த் திறக்கிறாள் தூலி:
இடது. நடு. வலது.
மழையுமில்லாத அருவியுமில்லாத ஓர் இரைச்சல்
நாற்காலியில் காதுயரத்தில் நிறுத்திய மீட்டரில்
எழுபத்தொன்பதைத் தொடுகிறது.
நடுவுக்கு மட்டும் அரை டெசிபல் குறைத்தாள்.

நாலாவது, பின்னிடது.
சத்தம் வலத்தோளில் வந்து நின்றது.

மேசைக்கடியில் தவழ்ந்தாள்.
நாலும் ஐந்தும் இடம்மாறிச் செருகிக் கிடந்தன,
நவம்பரில் தரை துடைத்தபோதா?

ரைவோ கண்மூடிக் கேட்டு
"அங்கேதான், சரியா அங்கேதான்" என்ற
பார்னு ஆற்றுப் பனிக்கட்டி
இரண்டு வாரமாய்த் தியேட்டர்களில்
எதிர்க்கரையில் வெடித்துக்கொண்டிருக்கிறது.
யாரும் எழுதிப் போடவில்லை.

மாற்றிச் செருகினாள்.
எழுபத்தொன்பது.
போனை எடுத்தாள்.
வைத்தாள்.

வெளியே தாலினின் கடைசி டிராம்
இடமிருந்து வலம் போனது.
எழுந்துபோய்
ஜன்னலில் சரிபார்த்துக்கொண்டாள்.