இடது மரை

கொல்லத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்
சக்கரமில்லை, ஹேண்டில்பார் இல்லை,
சங்கிலி இல்லை.
கரும்பச்சையில் இரண்டு முக்கோணம்.
"இதுக்கா ஒம்பதாயிரம்?" என்றார் பிச்சுமணி,
"தென்காசியில மணியோட ஸ்டாண்டோட தருவான்லா."

புளியரைச் சோதனைச் சாவடியில்
கோழிக் காய்ச்சல் வந்துவிட்டால்
டயர்களுக்கு மருந்தடிப்பது என் வேலை.
முட்டை வண்டி, வைக்கோல் வண்டி,
எம்-சாண்ட் ஏற்றி முனகும் டாரஸ்.
ஒரு ஷிப்டில் எத்தனையோ சக்கரம் நனைத்தாயிற்று.
எனக்கென்று இரண்டு
இனிமேல்தான்.

தூக்கிக் குலுக்கினேன்.
உள்ளே ஏதோ உருண்டது.
பற்றவைத்தவன் கையிலிருந்து தெறித்த
பித்தளைத் துளியாக இருக்கலாம்.
கவிழ்த்தால் ஓடி ஒளிகிறது,
நிமிர்த்தினால்
டிணுக்கென்று ஒரு பதில்.

ஆனி மாதம் இங்கே துணி காயாது,
தீக்குச்சி பற்றாது.
ஆரியங்காவுக் கணவாய்
மேற்கின் ஈரத்தையெல்லாம் வாங்கி
எங்கள் முகத்தில் ஊதிக்கொண்டிருக்கும்.
பூச்சைப் பார்த்து ஏமாறக்கூடாது.
இந்த ஊரில் துரு
உள்ளே உட்கார்ந்துதான் தின்ன ஆரம்பிக்கும்.

மதிய ரயிலில் ஷைனி வந்தாள்,
புனலூரில் அவளுக்குப் பட்டறை.
நனைந்த குடை, ஒரு பொதி கப்பை,
பழந்துணியில் சுற்றிய டேப்புகள் இரண்டு.

பெயிண்ட் அடித்தவன்
மரைக்குள்ளும் அடித்து வைத்திருந்தான்.
பெடல் அச்சு உட்காரும் குழலில்
இடப்பக்கம் ஊரறிந்த மரை.
வலப்பக்கம் நேர்மாறு:
இறுக்க வேண்டுமானால்
அவிழ்ப்பதுபோல் சுற்றவேண்டும்.
மறந்துபோய் வழக்கமான கையைப் போட்டால்
புது இரும்பு பொடியாகிவிடும்.
தேங்காயெண்ணெய் விட்டு
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.
"பதுக்கெ, பதுக்கெ" என்கிறாள் அவள்.
மெல்ல, மெல்ல என்று
நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.
முதலில் உதிர்ந்தது பச்சைத் தூள்,
பிறகு வெள்ளிச் சுருள்.
ஒன்று என் கட்டைவிரலுக்குள் ஏறிவிட்டது,
இன்னும் இருக்கிறது.

சீட்டுக் குழலின் வாயில் பிசிறு.
உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்தேன்,
சீட் தண்டு சத்தமில்லாமல் இறங்கும்வரை.

அடுத்து நூல்.
பூக்கட்டும் நூல்தான், வேறு கிடைக்கவில்லை.
பின்சக்கரம் மாட்டும் இடத்தில் முடிந்து,
முன்கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து
மறுபக்கம் கட்டினோம்.
நடுக்குழலுக்கும் நூலுக்கும் இடைவெளி
இந்தப் பக்கம் இருபத்தெட்டு,
அந்தப் பக்கம் முப்பத்தொன்று.
நூல் பிடித்த மாதிரி என்று
எத்தனை பேரைப் புகழ்ந்திருக்கிறேன்!
பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"ஸ்டீலாணு. பறஞ்ஞா கேக்கும்"
என்று ஷைனி செருப்பைக் கழற்றினாள்.
சாக்கின் மேல் படுக்கவைத்து,
ஒரு பாதம் குழலின் மேல்,
இரண்டு கை பின்முனையில்,
பல்லைக் கடித்து ஒரே இழுப்பு.
எனக்கு வயிறு கலங்கியது.
அளந்தோம். இன்னொரு இழுப்பு. அளந்தோம்.
அரை மில்லி பாக்கி நின்றது.
"அது மதி" என்றாள்.
போதும் என்று எனக்கும் பட்டது,
ஆனாலும் அவள் கப்பை அவிக்கப் போனபின்
இரண்டு தடவை அளந்தேன்.

ராத்திரி ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி
ஒவ்வொரு துளை வழியாகவும் ஊற்றினேன்.
சாய்த்து, கவிழ்த்து, சுழற்றி,
சமையலறைக்குள் யாரோடோ மல்லுக்கட்டுவதுபோல்
ஒரு மணி நேரம்.
திடீரென்று உறைத்தது:
டிணுக் சத்தம் நின்றிருக்கிறது.
துளி வெளியே விழவில்லை.
எண்ணெயில் எங்கோ ஒட்டிக்கொண்டது.
இருந்துவிட்டுப் போகட்டும்,
வாடகை கேட்கப்போவதில்லை.

ஃபோர்க் திங்கட்கிழமை வரும் என்கிறார்கள்.
அதுவரை நைலான் கயிற்றில்,
காயாத யூனிஃபார்மின் பக்கத்தில் தொங்குகிறது.
கீழே விரித்த பழைய பேப்பரில்
சொட்டு, சொட்டு.
எஸ் வளைவில் மூச்சு வாங்கும்
லாரியின் கியர் இங்கே கேட்கிறது.
இரண்டாவது கியர். இப்போது முதலாவது.
என்னிடம் எத்தனை பல் இருக்கவேண்டும்
அந்த ஏற்றத்துக்கு?

நைட் டியூட்டிக்குக் கிளம்புமுன்
இன்னொரு தரம் தலைகீழாக்கிவிட்டேன்.
மூலையில் எங்காவது
எண்ணெய் போகாமல் இருக்கும்.