ஓரடி குறைய

பஜ்ஜியைத் தின்று முடித்த பிறகுதான் பார்த்தேன்
தாளில் எழுத்து இருந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல். ராத்திரி பத்தரை.
எண்ணெய் குடித்த தாளில்
அந்தப் பக்கத்து எழுத்தும் இடவலம் மாறி
இந்தப் பக்கம் வந்து நின்றது.
டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து
ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் படித்தேன்:

     இருட்டென்று ஒன்றுமில்லை.
     வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும்
     வெளிச்சம் அது.
     வாசலிலேயே உட்கார்.
     செருப்பைக் கழற்றாதே.
     அவர் திரும்பி வருகையில்

அதற்குக் கீழே கிழிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் மூன்றாம் மாடியில் இருந்தார்.
சர்க்கரை. வலது கால்.
'ஆணி குத்தினதுதான், விடு' என்று
ஒரு மாசம் காசிமேட்டிலிருந்து மீன் வண்டி ஓட்டினார்.
முதலில் சுண்டு விரல் கறுத்தது.
பிறகு பக்கத்து விரல்.
பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எனக்கும் கவிதைக்கும் பத்தாவதோடு சரி.
மனப்பாடப் பகுதி, ஐந்து மார்க்,
அடி மாறாமல் எழுதுக.
எழுதினேன். மார்க் வந்தது. மறந்தேன்.
இதற்கு மார்க் யாரும் போடப்போவதில்லை,
ஆனால் மூன்று மாடி ஏறுவதற்குள்
மனப்பாடம் ஆகியிருந்தது.

மறுபடி இறங்கிப் போய்க் கேட்டேன்.
'மீதியா?' என்றாள் பஜ்ஜிக்கடை சொர்ணம்,
'யாரு போண்டாவோட போச்சோ.'
அப்படியென்றால்
இந்தக் கட்டடத்தில் ஏதோ ஒரு மாடியில்
முதல் இல்லாத கடைசி வரியை
யாரோ கை துடைத்துக் கசக்கிக்கொண்டிருக்கிறார்கள்.
அவர்களுக்கு அது என்னவென்று புரியப்போகிறது?

பக்கத்துப் பாயில் மெகருன்னிசா.
மகனுக்குக் கிட்னி, பதினேழாம் நாள்.
வரிகளைச் சொன்னேன்.
வெகுநேரம் கொசுவை அடித்துக்கொண்டிருந்தவள்
'திரும்பி வந்து என்னா கேக்கப் போறாரு,
சோறு ஆச்சான்னுதான் கேப்பாரு' என்றாள்.
இரண்டு பேரும் சிரித்ததில்
வராந்தாவே திரும்பிப் படுத்தது.
லிஃப்ட்காரரிடமும் கேட்டேன்.
'இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா' என்றவர்
இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்து
'வரும்போது, ஏன் லைட்டைப் போடலைன்னு திட்டுவாரு'
என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.
நான் எழுதிப்பார்த்தவை பதினொன்று.
மாத்திரைச் சீட்டின் பின்னால்.
ஒன்றும் தேறவில்லை. ஆனால்
அந்தப் பதினொன்றுக்கும் இடையில்
மணி நாலாகிவிட்டது.

'தனகோட்டி சம்சாரம் யாரு?'

டாக்டர் பையனுக்கு மீசை இப்போதுதான்.
முட்டிக்குக் கீழே, என்றான்.
தள்ளிப்போட்டால் உயிர், என்றான்.
கையெழுத்துப் போடப் போனபோது
கதவருகே செக்யூரிட்டி,
'செருப்பை வெளிய வுடும்மா.'

மாட்டேன், என்றேன்.

ஒன்பது நாளில் நான் சொன்ன முதல் மாட்டேன்.
வார்டு வாட்சுமேன், ஆயா, கடன்காரன், மைத்துனன்,
எல்லாருக்கும் சரி, சரி என்றே
வறண்டிருந்த வாய்.
அவரும் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.
பிறகு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.
கையில் இருந்தால் கழற்றியது ஆகாது.
ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பேனா.
பேனா எழுதவில்லை. உதறினேன். எழுதியது.

மூன்று வாரம் கழித்து ஆட்டோவில்
கல்மண்டபம் சிக்னலில் நிற்கும்போது
அவருக்குச் சொன்னேன்.
கண்ணை மூடிக் கேட்டுவிட்டு
'அப்புறம்?' என்றார்.
கிழிஞ்சிபோச்சி, என்றேன்.
லுங்கி தட்டையாக விழுந்த இடத்தையே
கொஞ்ச நேரம் பார்த்திருந்தார்.
'அதுவும் நல்லதுதான். மீதியையும் எழுதி
கெடுத்திருப்பான்.'

கட்டிலுக்கடியில் அவர் செருப்பு இரண்டும் இருக்கிறது.
வலதை எறி என்கிறார்கள்.
எறியவில்லை. காரணம் கேட்டால் தெரியாது.
அந்தத் தாளை, எண்ணெய்க்கு, எறும்பு மொய்த்துவிட்டது.
கவலையில்லை.
கரண்ட் போகிற ராத்திரிகளில்
அவருக்கும் எனக்குமாகச் சொல்கிறேன்
அடி மாறாமல்,
ஓரடி குறைய.