ஊறட்டும்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசை
நகராத ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி,
மூன்றாவது தோசையில் கையை நிறுத்தினார்
டிரைவர் மஸ்தான் கனி.
நாக்கிலிருந்து எடுத்து இலையோரம் வைத்தார்:
சுருண்டு, மினுமினுத்து,
முடியைவிட மெல்லிசாய் ஒரு கம்பி.
கத்தவில்லை. காசைக் குறைக்கவில்லை.
"கொழந்த யாரும் சாப்ட்ருந்தா?"
அவ்வளவுதான். போய்விட்டார்.

அன்றைக்கே அமலோற்பவம்
கடையிலிருந்த கம்பி நார் ஐந்தையும்
குப்பை வண்டியில் போட்டாள்.

தேய்க்கிறவன் நான்.
ஹார்பரில் முதுகு போன பிறகு
இந்தக் கடையில் எனக்கு அதுதான் உத்தியோகம்.
தேய்ப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு.
கிரேன் மேஸ்திரியின் மூஞ்சி,
ஆஸ்பத்திரி வரிசை, வராத பணம்,
எல்லாவற்றையும்
சாம்பார் குண்டானின் அடியில் வைத்துத்
தேய்த்துக்கொண்டிருந்தேன் நாலு வருஷம்.

"நார் இல்லாம எப்டிமா?"
"ஊற வை."
"ஊறி?"
"ஊறட்டும்."

கொதிக்கிற குண்டானில்
பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது.
ஊற்றியிருக்கிறேன்; டங்கென்று அடி புடைத்தது.
சின்னக் குண்டான் இன்றும் அடுப்பில்
குடிகாரன் மாதிரி ஆடுகிறது.
எனவே, முதலில் ஆறட்டும்.
பிறகு கருகல் மூழ்கத் தண்ணீர்,
இரண்டு கரண்டி ஆப்பசோடா,
சிறு தீயில் பத்து நிமிஷம்.
அணைத்துவிட்டுப் போய்ப் படு.

படுத்தேன். தூக்கம் வரவில்லை.
என் வேலையை
இருட்டில் சும்மா நிற்கும் தண்ணீர் செய்கிறது
என்று நினைக்கக் கோபமாக இருந்தது.

விடியலில் மரக் கரண்டியால் தொட்டேன்.
மழையில் நனைந்த போஸ்டர்
சுவரைவிட்டு வருகிற மாதிரி
முழுசாய் உரிந்து வந்தது கருப்பு.

லாரித் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைத் திட்டுக்குப்
புளிச் சக்கை.
அடியில் மயில்கழுத்து நிறம் ஏறினால்
பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி.
துடைக்க என் பழைய பனியன்,
பாத்திரத்தின் ரேகை போகும் திசையில் மட்டும்.
உப்பைக் கொதித்த பிறகு போடு,
முன்னால் போட்டால் புள்ளி விழும்.
எவர்சில்வராம்.
பேர் வைத்தவன் எங்கள் தண்ணீரைக் குடித்ததில்லை.

சிக்கன் பக்கோடா கடைப் பையன் ஜெகன்
பிளீச்சிங் பவுடரோடு வந்தான்.
"வினிகர்ல கலக்குண்ணே, பளிச்சுனு ஆயிடும்."
அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:
"மணலிக் காத்து பத்தலயா,
நம்ம வேற காய்ச்சணுமா?"

ஐந்தாம் நாள்
பெரிய குண்டானின் கழுத்துக்குக் கீழே
புள்ளி புள்ளியாய் எழுத்து.

மின்ட் தெரு சேட்டுக் கடையில்
மீட்காத பாத்திரம் எடைக்கு விற்றபோது வாங்கியது.
"பேரத் தேச்சு எடுத்துடு" என்றிருந்தாள் அன்று.
பாதிதான் எடுத்திருக்கிறேன்.
வி. தன,
அப்புறம் கீறல் காடு,
கடைசியில் ஒரு ம்.
கொருக்குப்பேட்டை. 12.6.97.

முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள்.
"தனமா, தனபாக்கியமா?"
"தெரியல."
"கல்யாணத்துக்கு வாங்குனதா இருக்கும்."
"இருக்கும்."
"மூக்க முட்ட வட்டி கட்டியிருப்பா."
கொஞ்ச நேரம் நின்றாள்.
"விடு. இருந்துட்டுப் போவட்டும்."

கரி எல்லாம் போயிற்று.
கீறல் போகவில்லை.
எத்தனை ராத்திரி ஊறினாலும் போகாது;
அது கரி இல்லை, என் கை.

ஈரம் போகத் துடைத்து
ரோட்டைப் பார்த்துக் கவிழ்த்து வைக்கிறேன்.
ஒவ்வொரு லாரி வெளிச்சத்துக்கும்
ஒரு தரம் எரிந்து அணைகிறது பெயர்.

மஸ்தான் கனி திரும்ப வர மூன்று வாரம் ஆனது.
உட்காருவதற்கு முன்னால் குண்டானைப் பார்த்தார்.
"யாருமா இது, தன...?"
"பாத்தரத்துக்காரங்க" என்றாள் அமலோற்பவம்.
கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே,
"ஒனக்கு வெங்காயம் போடவா?"