சிமெந்துக் கப்பல்

நான்கு கம்பி, ஒரு குழாய், ஒரு வளையம்.
குழாய் ஆலையில் கழித்த கொதிகலனுடையது,
ஆ சோங் கடையில் கிலோ ஒரு வெள்ளி இருபது காசு.
மற்றது என் வெல்டிங் குச்சியும் சனிக்கிழமை மாலையும்.
நாற்பத்தைந்து வெள்ளிக்கு ஒரு நங்கூரம்.

ஊத்தான் மெலிந்தாங்கில் நின்றால் கடல் தெரியாது.
திரும்பின பக்கமெல்லாம் செம்பனை.
ஆறு மட்டும் பழுப்பாய்ப் போய்க்கொண்டிருக்கும்.
பழக்குலை லாரி ஆலைக்குத் திரும்பும் நேரம்
படகுகள் கீழே இறங்கும்.

மாதம் இரண்டு முறையாவது ரஸ்லான் வருவான்,
கையில் அறுந்த கயிற்று நுனியோடு.
"காக், லாகி சத்து."
இன்னும் ஒன்று.
சிமெந்துக் கப்பல் பிடித்துக்கொண்டதாம்,
ஆலோங்கிடம் கடன்பட்டவன் முகத்தோடு சொல்வான்.

பதினோரு பாக ஆழத்தில் கிடக்கிறது அது.
எந்த ஊர்க் கப்பல், எந்த வருடம், தெரியாது.
அதன் வயிற்றில் ஜெனாஹாக் மீன்.
தூண்டிலோடு போகிறவர் எல்லாரும்
ஒரு நங்கூரத்தைக் கட்டணமாய் வைத்துவிட்டு வருகிறார்கள்.

ஆலையில் என் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பார்கள்.
ஒரு குமிழி இருந்தாலும் அறு, திரும்பப் போடு.
கொதிகலன் வெடித்தால் லயம்வரை கேட்கும்.
இருபது வருடம் அப்படிப் பழகிய கை.
அதனிடம்போய் ரஸ்லான் கேட்டான்:
கொஞ்சம் பலவீனமாய்ச் செய்து கொடு.
காற்றில் பிடிக்க வேண்டும், கப்பலில் விட வேண்டும்.

எனக்கு வரவில்லை.
பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியைப் பத்தாக்கினேன்.
படகு இராத்திரியெல்லாம் நழுவி,
விடியும்போது அவன் கைப்பேசிக்கு
இந்தோனேசியா "வருக" என்று செய்தி அனுப்பியதாம்.
மறுபடி பன்னிரண்டுக்குப் போனேன்.
மறுபடி கப்பல் தின்றது.

என் தம்பி முகிலரசு
லுமுட்டில் கப்பல் அடியைச் சுரண்டும் முக்குளி.
பங்கோரில் ஆறு ஞாயிறு என்னைத் தண்ணீருக்குள் வைத்திருந்தான்.
ஏழாவது ஞாயிறு, ரஸ்லான் படகு.

நீரோட்டம் நின்று திரும்பும் இருபது நிமிடம்தான்.
பார்வை ஒரு முழம்.
அது தண்ணீரே இல்லை, ஆறிப்போன தே தாரேக்.
கயிற்றைப் பிடித்தே இறங்கினேன்.
முதலில் கையில் பட்டது மூட்டை.
மூட்டைமேல் மூட்டை. சணல் அழுகிப்போய்
சிமெந்து மட்டும் மூட்டையாகவே நிற்கிறது,
வாய் தைத்த தையல்கூட அதில் பதிந்திருக்கிறது.
யாரோ எங்கோ கட்ட நினைத்த சுவர்.

அதற்கு அப்பால் கம்பிகள்.
கண்ணுக்கு எல்லாம் ஒரே துரு.
கையுறையைக் கழற்றினேன்,
முகிலரசு வேண்டாம் என்று விரலை ஆட்டினான்.
மூட்டு மூட்டாய்த் தடவிப் பார்த்தேன்:
வட்டம் முடிகிற இடத்தில்
இடப்பக்கமாய் ஒரு சின்ன வால்.
நான் இடக்கைக்காரி.
ஒன்று. அதன் அருகில் இன்னொன்று.
ஏழுவரை எண்ணினேன்.
ஒன்றில் நண்டு குடியிருந்தது.
ஒரு மூட்டும் விட்டிருக்கவில்லை.
எக்ஸ்ரே எடுக்க ஆளில்லாத அந்த இடத்தில்
நான் பெருமைப்பட்டதில்
காற்றுமானி சட்டென ஐம்பதுக்கு இறங்கியிருந்தது.

மூன்றைக் காற்றுப்பையில் கட்டி மேலே அனுப்பினோம்.
சுரண்டி, கறுப்புச் சாயம் அடித்து,
இருபது வெள்ளிக்கு ரஸ்லானிடமே விற்றேன்.
அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?
பேரம் பேசவில்லை.

இப்போது கயிற்றை அடிப்பக்கம் கட்டுகிறேன்.
தலை வளையத்தில் நைலான் நூல் நாலு சுற்று, அவ்வளவுதான்.
மாட்டிக்கொண்டால் வெட்டி இழு:
நூல் அறும், நங்கூரம் பின்பக்கமாய்க் கழன்று வரும்.
பலவீனம் நூலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று ரஸ்லான் வந்தான்.
கையில் முழு நங்கூரம், ஈரம் காயாமல்.
"லாகி சத்து" என்றான், வளையத்தைக் காட்டி.
நூற்கண்டைத் தூக்கிக் கொடுத்தேன்.
எவ்வளவு என்று கேட்டான்.
அதற்கு என்ன விலை சொல்ல?