நாற்பதடிப் பெட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில்
டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கையில்
எல்லாவற்றையும் கணக்குப் போடுவேன்.
டீசல், டோக்கன், துறைமுகக் கேட் திறக்கும் நேரம்.
பெனிட்டா குளித்து எத்தனை நாள் என்று
போட்டதில்லை.

பதினாறு வயசு. கேரம் போர்டு
பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது.
ஸ்ட்ரைக்கரைத் தம்பி தரையில் உருட்டி விளையாடினான்.
அவள் பிடுங்கவில்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"போனைப் பிடுங்கு, சரியாப் போயிடும்" என்றான் மச்சான்.
"லவ்வா இருக்கும்" என்றாள் கீழ்வீட்டு லூர்து.
சர்ச்சில் எண்ணெய் பூசினார்கள்.
நான் என்ன சொன்னேன்?
"உனக்கென்னடி குறை, மூணு வேளை சோறு போடலியா?"
தட்டில் அந்தச் சோறு
காய்ந்து விளிம்பில் ஒட்டியிருந்தது.

ஒரு நாள் வாசலில் மீன்காரம்மாவோடு
சிரித்துச் சிரித்துப் பேசினாள்.
தெளிந்துவிட்டாள் என்று லோடு ஏற்றக் கிளம்பினேன்.
அன்று ராத்திரி பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதிருக்கிறாள்.
தண்ணி வீணாகுதென்று
கதவைத் தட்டியவன் நான்.

ஸ்டான்லியில் டாக்டரம்மா
முதலில் அவளிடம்தான் பேசினார், வெகு நேரம்.
பிறகு என்னிடம்: "எத்தனை நாளா இப்படி?"
நான் ஃபேனைப் பார்த்தேன்.
எட்டு வயசு ரூபன் சொன்னான்,
"அரைப்பரீட்சைக்கு முன்னாடிலேர்ந்து.
அக்கா ராத்திரில தூங்கறதே இல்ல."

பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது.
சீல் உடைக்கக் கூடாது.
ஆனாலும் பாலம் ஏறுகையில்
ரெண்டாவது கியர் முனகுவதில்
எடை காலுக்குத் தெரிந்துவிடும்.
இருபத்திரண்டு வருஷத்துக் கால்.
வீட்டு வாசலில் செருப்போடு
அதையும் கழற்றி வைத்திருந்தேன் போல.

மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம்.
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
சில நாள் எழுகிறாள். சில நாள் இல்லை.

நேற்று "நானும் வர்றேன்" என்று கேபினில் ஏறிக்கொண்டாள்.
மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில் தீ எரிந்தது.
மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை, அவளும் பேசவில்லை.
நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்,
எனக்கு அதுதான் கஷ்டம்.

"பின்னாடி என்னப்பா இருக்கு?"
"தெரியாதும்மா."
"தெரியாமயே இழுக்கிறியா?"
"வெயிட்டு தெரியுதுல்ல. மெதுவா இழுக்கலாம்."

அவள் கண்ணாடியை இறக்கினாள்.
கடலை வாங்கினோம்.
உப்பு ஜாஸ்தி என்றாள்,
பாதிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.
முன்னால் ரெண்டு வண்டி நகர்ந்தது.